மண்பாண்டமும் ஆண்மையும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, மேடையில் பேசியதை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறேன்.)



போன மாதம் செயலாளர் போன் பண்ணி, "நீ பீங்கான் கம்பெனியிலதானே இருக்கே? செராமிக்ஸ் பத்தி இருபது நிமிஷம் பேசேன்" என்றார். மின்கம்பத்தில் தொங்குகிற இன்சுலேட்டரைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். "செராமிக்ஸ்தான் சார், ஆனா கொஞ்சம் வேற மாதிரி" என்றேன். தலைப்பைச் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஸ்லைடு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி, பேசு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் என் நன்றி.

முதலில் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு இன்சுலேட்டர் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். களிமண்ணை நம்ப முடியாது என்பது அங்கே போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஈரம் முழுதாகக் காயாமல் சூளைக்குள் வைத்தால், நூறு டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பொருளையே வெடிக்க வைத்துவிடும். காய்ந்து வெந்து முடிவதற்குள் அளவில் பத்து சதவீதம், சில மண்ணில் அதற்கு மேலும் சுருங்கும். ஏறக்குறைய 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதை மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்து மண்ணாக்க முடியாது. சூடேறும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதாது, ஆறும்போதும் ஆபத்து உண்டு. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால், வெளியே பளபளவென்று இருக்கும் பொருளுக்குள் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருக்கும். கண்ணுக்கே தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இன்சுலேட்டரின் உடைந்த துண்டுகளைச் சிவப்புச் சாயத்தில் போட்டு, அழுத்தம் கொடுத்துப் பல மணி நேரம் வைப்போம். எடுத்து உடைத்துப் பார்த்தால், உள்ளே சாயம் இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் அந்த வகை முழுவதும் சந்தேகத்துக்குரியது. கழித்துவிட வேண்டியதுதான்.

தொழிற்சாலையில் மண் என்றால் எனக்கு டன் கணக்கு. கையால் தொட்டதில்லை. 2016-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி போயிருந்தபோது, ஒரு சிறிய பட்டறையில் நாலைந்து பேர் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து கிண்ணம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பக்கம் இப்படிப் பட்டறைகள் நிறைய. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் பெரும்பாலும். சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன், மாதம் இரண்டு ஞாயிறு போகிற ஆளாகிவிட்டேன். இன்ஜினியர் என்ற கர்வம் முதல் நாளே போய்விட்டது. மண்ணை நடுவில் நிறுத்தவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் அம்மாச்சி ஊருக்குப் போனபோது, அய்யனாருக்குக் குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம் பெருமையாக என் கையைக் காட்டினேன். சிரித்தார். அவர் வீட்டில் பெண்கள் மண் மிதிப்பார்கள், உருண்டை பிடிப்பார்கள், சுட்ட பானையை அடுக்குவார்கள். சக்கரத்தை மட்டும் தொட மாட்டார்கள். அது ஆண்களுக்கு. ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான் தம்பி" என்றார். நம் நாட்டில் பல இடங்களில் இந்த வழக்கம் உண்டு. ஆக, இங்கே பானை வனைவது ஆண் வேலை.

இங்கிலாந்தில் அது அப்படியே தலைகீழ். அங்கே பெரிய ஓவியர், பெரிய சிற்பி என்றால் ஆண். பானை செய்வது வீட்டம்மாக்கள் சாயங்கால வகுப்பில் கற்றுக்கொள்ளும் பொழுதுபோக்கு என்று கலையுலகம் நெடுங்காலம் மட்டமாக நினைத்தது. ஒரே மண், ஒரே சக்கரம், கடலைத் தாண்டினால் வேறு ஆளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. ஆண்மை என்பதை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.

அந்தச் சாயங்கால வகுப்புக்குப் போன ஒரு ஆளைப் பற்றித்தான் இன்று அதிகம் சொல்லப் போகிறேன். பெயர் கிரேசன் பெர்ரி. 1960-இல் எசெக்ஸ் மாவட்டத்தில் செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த மாற்றாந்தந்தை முரட்டு ஆள். பையனுக்குத் துணை ஒரு கரடி பொம்மை. அதற்கு ஆலன் மீசில்ஸ் என்று பெயர் வைத்திருந்தான். தமிழில் சொன்னால் தட்டம்மை ஆலன். பையனின் கற்பனையில் அந்தக் கரடிதான் படைத் தலைவர், விமானி, ரேஸ் டிரைவர், எல்லாம். வளர்ந்த பிறகு பெர்ரி இதை விளக்கும்போது, அந்த வீட்டில் ஆணாக இருப்பது ஆபத்தாக இருந்ததால், என் ஆண்மையைப் பத்திரமாக வைத்திருக்கும்படி கரடியிடம் கொடுத்துவிட்டேன் என்ற பொருளில் சொல்கிறார். அதைப் படித்தபோது நான் நைட் ஷிப்டில் இருந்தேன். சூளையின் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பெண் உடை அணிவதில் நாட்டம். பெரியவரான பின் அதை ஒளிக்கவில்லை. அந்த வேடத்துக்கு கிளேர் என்று ஒரு பெயரும் உண்டு. இந்த இடத்தில் நம் ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அதனால் நிறுத்திச் சொல்கிறேன். பெர்ரி ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்தவர், அவருக்கு ஒரு மகளும் உண்டு. தன்னை ஆண் என்றே சொல்பவர். ஒருவர் என்ன உடுத்துகிறார் என்பது ஒரு விஷயம். தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது வேறு விஷயம். யார் மேல் காதல் வருகிறது என்பது மூன்றாவது விஷயம். இந்த மூன்றுக்கும் நம் ஹாஸ்டலில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த வார்த்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும், மேடையில் சொல்ல வேண்டாம்.

1983-இல் லண்டனில் பாட்டரி வகுப்பில் சேர்ந்தார். அவர் பெரும்பாலும் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைக் கயிறு போல உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கி உயர்த்துகிறார். உருவம் பார்த்தால் பழைய காலத்து ஜாடி மாதிரி, பணக்கார வீட்டு ஹாலில் வைக்கிற தினுசு. மேலே வேறு நிறத்து மண்குழம்பைப் பூசி, அதைக் கீறிப் படம் வரைகிறார். போட்டோக்களை அச்செடுத்து ஒட்டுகிறார். தங்க மெருகு ஏற்றுகிறார். ஒவ்வொரு பூச்சுக்கும் தனித்தனியாகச் சூளை. எங்கள் தொழிலில் ஒரு பொருளை மூன்று தடவை சுடு என்று யாராவது சொன்னால் காஸ்டிங் டிபார்ட்மெண்ட் அடிக்க வந்துவிடும்.

தூரத்திலிருந்து பார்த்தால் அழகான பூ ஜாடி. கிட்டே போனால்தான் வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, தனிமை, கேலி, பெண் உடை அணிந்து நிற்கும் ஒரு ஆண், எல்லாம் தெரியும். முதலில் அழகைக் காட்டிக் கிட்டே கூப்பிடு, அப்புறம் விஷயத்தைச் சொல் என்பது அவர் உத்தி. (இந்த உரைக்கும் அதுதான் உத்தி என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.)

2003-இல் அவருக்கு இங்கிலாந்தின் டர்னர் பரிசு கிடைத்தது. பானை செய்பவர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. சின்னப் பெண்கள் போடுகிற மாதிரி ஒரு கவுன் அணிந்து, மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, மேடையேறி வாங்கினார். கலையுலகத்துக்கு என் கவுனை ஏற்றுக்கொள்வதைவிட, நான் பானை செய்கிறவன் என்பதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது என்று அப்போது வேடிக்கையாகச் சொன்னார். 2023-இல் அவருக்கு 'சர்' பட்டமும் வந்துவிட்டது.

அவருடைய பானைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு உடைந்த பானை. 2014-இல் செய்தது. கிறிஸ் ஹ்யூன் என்று ஒரு பிரிட்டிஷ் மந்திரி இருந்தார். வேகமாகக் கார் ஓட்டிப் பிடிபட்டவர், தண்டனையைத் தன் மனைவியின் பேரில் ஏற்றிவிட்டார். எட்டு வருடம் கழித்து உண்மை வெளியாகி, பதவியும் போய், 2013-இல் சிறைக்கும் போனார். சிறையிலிருந்து வந்த அவரை பெர்ரி சந்தித்துப் பேசினார். எவ்வளவு பேசினாலும் ஆள் கலங்கவே இல்லை, எதுவும் நடக்காத மாதிரியே பேசினார் என்பது பெர்ரியின் எண்ணம். வெள்ளைக்காரன், நடுத்தர வயது, நல்ல சம்பளம், கோட் சூட், எல்லாச் சட்டமும் தனக்காகவே தைத்தது போல நினைக்கிற ஆண். இந்த வகைக்கு பெர்ரி ஒரு பெயரே வைத்தார். சாதாரணத் தமிழில் சொன்னால் 'யாரும் கேள்வி கேட்காத ஆம்பிளை'. அந்த மந்திரியின் முகத்தையும் கார் நம்பர் பிளேட்டையும் திரும்பத் திரும்பப் போட்டு ஒரு ஜாடி செய்தார். செய்து, சுட்டு, முடித்து, அதை உடைத்தார். பிறகு ஜப்பானியர்கள் செய்வது போல, விரிசல் வழியெல்லாம் தங்கம் தெரியும்படி ஒட்ட வைத்தார். லண்டன் நேஷனல் போர்ட்ரைட் கேலரியில் அது அந்த மந்திரியின் உருவப்படமாக வைக்கப்பட்டது. உடைந்து காட்டுவதும் ஒரு ஆணுக்குப் பலம்தான், அது உனக்குத் தெரியவில்லையே என்று அந்தப் பானை அவரிடம் சொல்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் விரிசல் விழுந்த பொருளைச் சுத்தியலால் தட்டிக் குப்பையில் போடுவோம். இன்சுலேட்டருக்கு அது சரி, 11,000 வோல்ட் போகிற இடம். மனுஷனுக்கும் அதே சோதனையைத்தான் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

2016-இல் அவர் ஆண்களைப் பற்றி மூன்று பகுதியாக ஒரு டி.வி. தொடர் செய்தார். அதில் ஒன்றில், இங்கிலாந்தின் வடகிழக்கில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ஊர்களுக்குப் போகிறார். அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். பேரனுக்கு அந்த வேலை இல்லை, ஆனால் அந்த உடம்பும் முரட்டுத்தனமும் மட்டும் சீதனம் மாதிரி வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடுகிறான். யாரிடமும் மனசு விட்டுப் பேசத் தெரியாது. தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் வீடுகளும் அந்த ஊர்களில் உண்டு. அந்தப் பேரனை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. நெய்வேலியிலும் அவன் இருக்கிறான், நம் ஹாஸ்டல் சி பிளாக்கிலும் இருந்தான்.

2017-இல் புதுச் சூளை வாங்குவதற்காகக் கம்பெனி என்னை ஜெர்மனிக்கு அனுப்பியது. திரும்பும்போது பெர்லினில் ஒரு நாள் மிச்சமிருந்தது. அங்கே பழங்காலக் கிரேக்கப் பாண்டங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நான் போனது சத்தியமாகச் சூளை நுட்பத்துக்காக. கிரேக்கப் பானையின் சிவப்பும் கறுப்பும் வேறு வேறு சாயம் இல்லை. இரண்டும் ஒரே இரும்புச் சத்துள்ள மண். மிக நுண்ணிய மண்குழம்பால் படம் எழுதி, முதலில் காற்று விட்டுச் சுடுவார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டுப் புகைய விட்டு 900 டிகிரிக்கு மேல் கொண்டுபோவார்கள், எல்லாம் கறுக்கும். கடைசியில் மறுபடி காற்றைத் திறந்தால், பானை உடம்பு சிவப்புக்குத் திரும்பும். நுண்குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடி போல இறுகிப்போனதால் காற்று உள்ளே நுழைய முடியாமல் கறுப்பாகவே நின்றுவிடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், 2500 வருடத்துக்கு முன்னால்! எங்கள் ஆட்டோமேட்டிக் கண்ட்ரோல் பேனலை நினைத்து வெட்கமாக இருந்தது.

அந்த நினைப்போடு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வந்தவன், ஒரு கிண்ணத்தின் முன்னால் நின்றுவிட்டேன். மது அருந்தும் அகலக் கிண்ணம். சோசியாஸ் என்ற குயவர் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 500 வாக்கில் செய்தது. உட்பக்கம் இரண்டு போர்வீரர்கள். அகிலீஸ், பட்ரோக்ளஸ். ட்ராய் போரின் மாபெரும் வீரன் அகிலீஸ், மண்டியிட்டு உட்கார்ந்து, தன் தோழனின் கையில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். பக்கத்தில் பிடுங்கிய அம்பு. பட்ரோக்ளஸ் வலி தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், இறுக்கிய பல் வெள்ளையாகத் தெரிகிறது. அகிலீஸின் கண் கட்டுத் துணியை விட்டு நகரவில்லை. அவ்வளவு கவனம்.

இலியட் காவியத்தில் இந்தக் காட்சி கிடையாது. இருவரையும் காதலர் என்று ஹோமர் சொல்லவும் இல்லை. ஆனால் பின்னால் வந்த கிரேக்கர்கள், நாடகாசிரியர் எஸ்கிலஸ் உட்பட, அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பிளேட்டோவின் நூல் ஒன்றில் இருவரில் யார் யாரைக் காதலித்தது என்றுகூட விவாதம் வருகிறது. இதைச் சொல்வதால் கிரேக்கர் வாழ்க்கையை நான் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பானைகளில் வளர்ந்த ஆண் சின்னப் பையனைத் துரத்துகிற படங்களும் ஏராளம், அதில் எனக்கு மரியாதை இல்லை. இந்தக் கிண்ணம் வேறு. குடித்து முடித்த ஆணின் கண்ணுக்கு, அடியில் இந்த இரண்டு பேரும் தெரிவார்கள். ஒரு பலசாலி இன்னொரு ஆணைப் பார்த்துக்கொள்கிறான். அதை யாரும் கேலி செய்யவில்லை.

நான் அங்கே அழுதேன். காவலாளி ஒருத்தர் பார்த்துவிட்டு நாகரிகமாக அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஏன் அழுதேன் என்பதற்கு இனிமேல்தான் வர வேண்டும். செட் நண்பர்களுக்கு இரண்டாம் வருடம் ஹாஸ்டல் டே ஞாபகம் இருக்கும். நம் செட்டில் ஒருவன், பெயர் வேண்டாம், நன்றாக ஆடுவான். கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக்கு ஆடினான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த ஒற்றை வார்த்தைதான் பெயர். மெஸ்ஸில் தட்டைத் தட்டுவோம். குளியலறைக் கதவை வெளியே தாழ் போடுவோம். அவன் நடை மாதிரி நடந்து காட்டுவோம். அதில் ரொம்ப நன்றாக நடந்து காட்டியவன் நான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாவது செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். நாமும் நம்பினோம், நம்புவது சௌகரியமாக இருந்தது.

அவன் மாதிரி நடக்க எனக்கு ஏன் அவ்வளவு நன்றாக வந்தது தெரியுமா? பன்னிரண்டு வயதிலிருந்து, அப்படி நடந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அடியையும் கவனித்து வைத்தவன் நான். ஆண்கள் மேல்தான் எனக்குக் காதல் வரும் என்பது கல்லூரிக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தக் கணக்கைத்தான் போட்டேன், விடை சரியாகத்தான் வந்தது.

(இந்த இடத்தில் அரங்கம் அமைதியாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.)

நாங்கள் படித்த நாட்களில் 377-ஆம் பிரிவு அப்படியே இருந்தது. நாங்கள் முடித்து வெளியேறிய 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விலக்கியது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி நிலைநாட்டியது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பது கூடாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மரியாதையான சொற்களின் பட்டியலை 2022-இல் தமிழ்நாடு அரசே வெளியிட்டது. பால்புதுமையினர் என்று இன்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மாணவத் தம்பிகளே, அந்த ஒற்றை வார்த்தைக்கு இனி உங்களிடம் சாக்கு இல்லை.

தீர்ப்பு வந்த அன்று எனக்குப் பகல் ஷிப்ட். கேண்டீன் டி.வி.யில் செய்தி ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ ஜோக் அடித்தார். பழக்க தோஷம், எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு எழுந்து போனேன். அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த ஆலங்குடிப் பொண்ணு வீட்டுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று கேட்டாள். அவள் கவலை அவளுக்கு. அப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் நான் செய்த கிண்ணத்தில்தான் தினமும் மோர் குடிக்கிறார். ஒவ்வொரு ரீயூனியனிலும் "எப்போடா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்கிற அண்ணன்மாருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

பரோடாவில் பூபேன் கக்கர் என்று ஒரு ஓவியர் இருந்தார். படிப்பால் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட். பகலில் கம்பெனிக் கணக்கு, மிச்ச நேரம் ஓவியம். பிற்காலத்தில் பீங்கானிலும் கை வைத்தார். தான் ஆண்களைக் காதலிப்பவன் என்பதை 1980-களிலேயே, சட்டம் எதிராக இருந்தபோதே, படத்தில் வெளிப்படையாக வைத்தவர். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 2003-இல் காலமானார். மாதச் சம்பளக்காரன் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

2019-இல் என் நண்பனைத் தேடிப் பிடித்தேன். கோயம்புத்தூரில் ஒரு பேங்கில் லோன் பிரிவில் இருக்கிறான். டிகிரியைத் தபால் வழியில் முடித்தானாம். போனில் நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்டேன். "டேய், நீ அதுன்னு எனக்கு அப்பவே தெரியும்டா" என்றான். "அதனாலதான் உன்மேல ரொம்பக் கோவம்." அதற்கு நான் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து, "போன்ல கேக்குற மன்னிப்பு எனக்கு எதுக்கு? மெஸ்ல அத்தனை பேர் முன்னாடிதானே நடந்து காட்டின?" என்றான்.

அதனால்தான் இந்த மேடை. இன்றைக்கும் அவனை அழைத்தேன், வரவில்லை. வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கிறது.

மூன்று வருடமாக ஒரு பானை செய்தேன். இரண்டு தடவை சூளையில் வெடித்தது. மூன்றாவது தேறியது. ஒன்றரை அடி உயரம், கயிறு கயிறாக அடுக்கியது, வெள்ளை மண்குழம்பு பூசி ஊசியால் கீறியிருக்கிறேன். சுற்றி வர நம் ஹாஸ்டல் வராந்தா. பன்னிரண்டு பேர் சிரிக்கிறோம். வாய் ரொம்ப அகலமாகத் திறந்திருப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் அவன் மட்டும் ஆடுகிறான், கண்ணில் மை. அந்த மைக்கு மட்டும் தங்க மெருகு வைத்தேன். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள், "என் மூக்கு அவ்ளோ பெருசாடா?" என்று ஒரு மெசேஜ். அடுத்த மெசேஜில், "காட்டு. பேர் மட்டும் போடாத" என்று எழுதியிருந்தான்.

பானை வெளியே ரிஜிஸ்ட்ரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகும்போது பாருங்கள், தொட்டும் பார்க்கலாம். கழுத்துப் பக்கம் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் ஒரு சின்ன விரிசல் விட்டிருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் கசியும். அதை நான் அடைக்கவில்லை. சி பிளாக் நண்பர்கள் தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.